தந்தப் பாம்பு மாதாவிடம் எட்டுப் பேர் போன சனிக்கிழமை

முதலில் என் கண்ணில் பட்டது பாம்பின் வால். கண்ணாடிப் பெட்டியை வெளிப்பக்கமாக மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டு போனபோது, உள்ளே நின்ற ஒரு பெண்ணின் மணிக்கட்டில் காப்புப் போல ஏதோ சுற்றியிருந்தது. காப்பு என்றுதான் நினைத்தேன். திரும்பத் துடைத்தபோது அந்தக் காப்புக்கு வால் இருந்தது. வாலின் நுனி ஒரு அரிசியின் முனையை விடச் சின்னது. எனக்குக் கை நின்றுவிட்டது.

அது செப்டம்பர் கடைசியில், காலை ஆறரை மணிக்கு நடந்தது. நான் சவுத் கென்சிங்ரனில் இருக்கிற ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். ஆறு மணியிலிருந்து எட்டரை வரை ஷிப்ட். எனக்குப் பதினேழு வயது. பதினாறில் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் வாயைத் திறந்து பேச மாட்டேன். தமிழிலும் அப்படித்தான் என்று அம்மா சொல்வா. வழக்கமாக எனக்குக் கீழ்த்தள மலசலகூடங்கள். லீவில் போன ஒருவருக்காக இரண்டு கிழமை மட்டும் என்னைச் சிற்பக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். காலையில் அங்கே பாதி விளக்குத்தான் எரியும். நின்று பார்த்தால் சுப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவா. அதனால் நான் கண்டது இவ்வளவுதான்: மஞ்சளோடிய வெள்ளைத் தந்தம், நீண்ட உடுப்போடு ஒரு பெண், கையில் பாம்பு, பக்கத்தில் 14 என்று ஒரு சின்ன இலக்கம்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "எங்கட மாதா மாதிரி ஒண்டு இருக்கு. தந்தத்தில. பாம்பைப் பிடிச்சபடி நிக்கிறா" என்று சொன்னேன். நானாக ஒரு கதை தொடங்கியது அம்மாவுக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும். உடனே செபமாலைக் கூட்டத்து றீற்றா அன்ரிக்கு ரெலிபோன் எடுத்தா.

மன்னார் பக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் மடுவில் இருக்கிற மாதா கோவிலுக்குப் போனால் அந்த வளவு மண்ணில் ஒரு பிடி முடிந்துகொண்டு வருவார்கள். வீட்டில் அந்த மண் இருந்தால் பாம்பு தீண்டாது, தீண்டினாலும் விஷம் ஏறாது என்பது நம்பிக்கை. இங்கே நாங்கள் இருக்கிற ஈஸ்ட் ஹாமில் பாம்பு இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் அந்த மண் இருக்கிறது. பாம்பும் மாதாவும் என்றால் எங்களுக்கு அது மடுதான். வேறு யாராக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் ஆட்கள் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். நான் சொன்ன செய்தி ஒரு கிழமைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. போகப் போக மாதா வளர்ந்தா. முதல் வீட்டில் ஒரு முழம் இருந்தா, நாலாவது வீட்டில் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டா. நான் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்த வேண்டும் என்று நினைத்தேன். பதினைந்து பேர் இருக்கிற அறையில் நான் எப்படித் திருத்துவது?

பிறகு வசந்தி அக்கா பேசினா. அதுவரை இது ஒரு பம்பல்தான், வெறும் வேடிக்கைப் பேச்சு.

வசந்தி அக்காவின் மகள் நிரோவுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்தே இருதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலமாகும். ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் மனுசன் விசா இல்லாமல் ஜேர்மனியில் நிற்கிறார், அதனால் கையெழுத்து அக்காதான் வைக்க வேண்டும். ஜூலையில் ஒரு திகதி கொடுத்தார்கள். அக்கா பயத்தில் கையெழுத்து வைக்கவில்லை, திகதி போய்விட்டது. இப்போது மறுபடி கொடுத்திருக்கிறார்கள். ஒக்டோபர் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை காலை, கையெழுத்து வைத்த படிவத்தோடு வர வேண்டும். இனியும் தள்ளக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"சண்டைக்குள்ள மடுவுக்குப் போகத்தான் வழியில்லை," என்று அக்கா சொன்னா. "ஏழு வயசில என்னைப் பாம்பு கடிச்சது. அந்த மண்தான் என்னை எழுப்பினது. அந்தத் தாய் இஞ்ச வந்து நிக்கிறா எண்டால் எனக்காகத்தான். அவவிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கையெழுத்து வைப்பன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பிள்ளை கூட்டிக்கொண்டு போவாள்," என்று அம்மா சொல்லிவிட்டா.

நாள் 1999 ஒக்டோபர் 23, சனிக்கிழமை. ஈஸ்ட் ஹாம் ஸ்ரேஷனில் பகல் 1.05க்கு ரெயின் ஏறினோம். அம்மா, றீற்றா அன்ரி, வசந்தி அக்கா, செபமாலைக் கூட்டத்தில் இன்னும் நாலு அன்ரிமார், நான். மொத்தம் எட்டுப் பேர், தள்ளுவண்டிலில் நிரோ. நாலு வலயத்துக்கான ஒரு நாள் ட்ரவல்கார்ட் ஆளுக்கு மூன்று பவுண் தொண்ணூறு. சனி ஞாயிறில் எந்த நேரமும் வாங்கலாம், கிழமை நாளில் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான். டிஸ்ரிக்ற் லைனில் மாறாமல் போகலாம். இருபத்தோராவது ஸ்ரேஷன் சவுத் கென்சிங்ரன். பத்து மைல் சொச்சம், ஐம்பது நிமிடம். ஈஸ்ட் ஹாமில் வண்டிலை ஏற்றி இறக்கப் படிதான், இரண்டு பேர் தூக்க வேண்டும்.

போ ரோட் ஸ்ரேஷனுக்குப் பிறகு ரெயின் நிலத்துக்குக் கீழே போகும். அது வரைக்கும் றீற்றா அன்ரி என்னைப் பகிடி பண்ணிப் பரிசுகெடுத்தா. றீற்றா அன்ரிதான் எங்கள் கூட்டத்துக்குத் தலைவி, வெம்பிளி வரைக்கும் கேட்கிற குரல்.

"உவள் ஊமைப்பிள்ளைக்கு மாதா காட்சி குடுத்திருக்கிறா பார். எனக்கு முப்பது வருசமாச் செபம் சொல்லியும் ஒருக்கா எட்டிப் பாக்கேல்லை."

"நீங்கள் வாய் மூடினால்தானே அன்ரி அவ கதைக்கலாம்," என்று வசந்தி அக்கா சொன்னா. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரித்தபடியே கைப்பையைத் திறந்து, ஒரு பிறவுண் கடித உறை உள்ளே இருக்கிறதா என்று பார்த்தா. அந்தப் பயணத்தில் அப்படி எத்தனை தரம் பார்த்தா என்று நான் எண்ணாமல் விட்டேன். படிவம் அதற்குள்தான் இருந்தது.

ஸ்ரேஷனில் இருந்து அருங்காட்சியகங்களுக்கு நிலத்துக்குக் கீழாலேயே ஒரு நீண்ட சுரங்கப் பாதை உண்டு. மழைக்கு நல்லது. மெதுவாக நடந்தால் பத்து நிமிடம். 2.10க்குப் பெரிய வாசலுக்குப் போனோம். அங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி. உள்ளே போக ரிக்கற் வேண்டும்! பெரிய ஆட்களுக்கு ஐந்து பவுண்.

நீங்கள் சிரிப்பீர்கள். நான் ஒரு வருடமாக அங்கே வேலை செய்கிறேன், எனக்கு அது தெரியாது. நான் எப்போதும் பின்பக்க வாசலால் பெயர் எழுதிவிட்டுப் போகிறவள். முன்வாசலால் அன்றுதான் முதல் தரம் போனேன். அந்தப் பெரிய கதவையும் மேலே இருந்த சிலைகளையும் பார்த்து, இது நான் வேலை செய்கிற இடம்தானா என்று ஒரு கணம் பயந்துவிட்டேன்.

"மாதாவைப் பாக்க ரிக்கற்றோ?" என்று றீற்றா அன்ரி அங்கேயே கத்தினா. நான் நிலத்தைப் பார்த்தேன். பலகையில் எழுதியிருந்ததை வாசித்து அம்மாவின் காதுக்குள் சொன்னேன்: பதினெட்டுக்குக் கீழே இலவசம், பின்னேரம் நாலரைக்குப் பிறகு எல்லாருக்கும் இலவசம், ஐந்தே முக்காலுக்குப் பூட்டுவார்கள். காத்திருப்பது என்று முடிவானது.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே, இரண்டு நிமிட நடையில், ஒரு பெரிய கத்தோலிக்கக் கோவில் இருக்கிறது. மழை தூறியதால் அதற்குள் போனோம். உள்ளே பளிங்குத் தூண்கள், பொன் பூச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பீடம். மாதாவுக்கென்று தனியாக ஒரு பெரிய பீடமே இருந்தது. அன்ரிமார் வாயைப் பிளந்தபடி பார்த்தார்கள்.

அம்மா மெதுவாகச் சொன்னா. "வசந்தி, மாதா இஞ்சயும் இருக்கிறா தானே. இதிலயே முழங்காலில இருந்து கேளன். பிள்ளையும் களைச்சுப்போனாள்."

வசந்தி அக்கா பீடத்தைப் பார்த்தா. நேரம் எடுத்துத்தான் பார்த்தா. "இவ வடிவாத்தான் இருக்கிறா. ஆனால் இவவுக்கு என்னைத் தெரியாது அன்ரி."

நான் ஆறு காலைகள், அரை வெளிச்சத்தில், துணியோடு கண்டது. அதை நம்பி ஒரு தாய் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு இருக்கிறா.

நாலரைக்கு உள்ளே போனோம். போனதும் வழி தெரியவில்லை. சிற்பக் கூடத்துக்குத் துப்புரவு ஆட்களின் படிக்கட்டில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு போவேன். முன்வாசலில் இருந்து எல்லாம் தலைகீழாக இருந்தது. ஏழு பேரையும் வண்டிலையும் இழுத்துக்கொண்டு சீனப் பாத்திரங்களுக்குள்ளும் திரைச்சீலைகளுக்குள்ளும் சுற்றினேன். கடைசியில் ஒரு தீயணைக்கும் சிவப்பு வாளியைக் கண்டுதான் இடம் பிடித்தேன். மணி 4.50.

"எங்க?" என்று றீற்றா அன்ரி கேட்டா.

நான் கையைக் காட்டினேன்.

"எங்கயடி?"

"இதுக்குள்ள."

ஏழு பேரும் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தார்கள். ஆள் உயர மாதாவைத் தேடி வந்தவர்களுக்கு முன்னால் ஒரு சாண் கூட இல்லாத, என் உள்ளங்கை அகலத் தந்தப் பலகை நின்றது. சிலை கூட இல்லை. புடைப்புச் சிற்பம், அதாவது பலகையில் இருந்து பாதி மட்டும் எழும்பி நிற்கிற உருவம்.

"இவ்வளவுதானோ?" என்று பின்னால் ஒரு அன்ரி கேட்டா. "என்ர கழுத்துச் சுரூபம் இதைவிடப் பெரிசு."

ஆனால் இப்போது விளக்கெல்லாம் எரிந்தது. நானே அதை அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். தந்தத்தின் பின்பகுதியை எவ்வளவு மெல்லிதாகச் சீவியிருந்தார்கள் என்றால், ஓரத்தில் வெளிச்சம் ஊடாக வந்தது. அந்தப் பெண்ணின் உடுப்பு காற்றில் பறந்து சுருண்டு இடுப்பைச் சுற்றியிருந்தது, அது தந்தம் என்று நம்ப முடியாது. விரல் நகம் தெரிந்தது. பாம்பின் செதில் தெரிந்தது. மற்றக் கையில் வட்டமாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள்.

"அது அப்பமாக்கும்," என்றா அம்மா. "நற்கருணை."

வசந்தி அக்கா பாம்பை மட்டும் பார்த்தா. பிறகு அப்படியே முழங்காலில் இருந்தா. மற்றவர்களும் இருந்தார்கள். அம்மா பையில் இருந்து மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் எடுத்தா. அதற்குள் காவல் உடுப்போடு ஒரு வயதான கறுப்பு மனிதர் வந்துவிட்டார். காலையில் சில நாள் அவரைக் கண்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்து, "காலையில் வருகிற பிள்ளை அல்லவா நீ? உன் குடும்பமா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "நெருப்பு மட்டும் வேண்டாம் என்று சொல். கும்பிடுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. இங்கே ஆட்கள் இதைவிட விசித்திரமான வேலையெல்லாம் செய்கிறார்கள்." சொல்லிவிட்டு இரண்டு பெட்டி தள்ளிப் போய் நின்றார்.

மெழுகுதிரி பைக்குள் போனது. றீற்றா அன்ரி தணிந்த குரலில் செபமாலையைத் தொடங்கினா. றீற்றா அன்ரிக்குத் தணிந்த குரல் இருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நிரோ வண்டிலில் இருந்து இறங்கிப் பெட்டியின் பக்கவாட்டுக்குப் போனாள். கண்ணாடியில் கையை வைத்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, மாதாவின்ர தலைக்குப் பின்னால ஒரு தாத்தா."

"சும்மா இரு நிரோ."

"தாடி வைச்ச தாத்தா. தலையில ஒட்டியிருக்கு."

நான் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அந்தப் பெண்ணின் பின்தலையில், கூந்தல் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கிழவனின் முகம். தாடி, சுருக்கம், திறந்த கண். ஒரே தலை, ஒரே கழுத்து, முன்னால் இவள், பின்னால் அவன். முன்னால் நின்று பார்த்தால் அது கூந்தலின் சுருள் போலத்தான் தெரியும்.

செபமாலை நின்றுவிட்டது. றீற்றா அன்ரி எழும்பி வந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டா. பார்வையைத் திருப்பினபோது பக்கத்தில் இருந்த 15ஆம் இலக்கம் கண்ணில் பட்டது. உடம்பில் ஒரு துணி கூட இல்லாத பெண் ஒருத்தியை, சிறகு முளைத்த ஒரு கிழவன் கையைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டிருந்தான்.

"யேசுவே! இது என்ன இடமடி? பிள்ளையின்ர கண்ணைப் பொத்து!"

எனக்கு அப்போதுதான் இலக்கங்களின் ஞாபகம் வந்தது. 14, 15 என்று இருந்தால் அதற்கு விளக்கம் எங்கேயாவது இருக்க வேண்டும். தேடினேன். பெட்டியின் மறுமுனையில், சுவரோடு, முழங்கால் உயரத்தில் ஒரு பலகை. அந்தப் பலகையையும் நான் துடைத்திருக்கிறேன். குந்தியிருந்து வாசித்தேன்.

தென் ஜேர்மனியில், 1700க்கு முன்பின்னாகச் செய்தது. ஒரு பெரிய ஆளின் நகைப் பேழைக் கதவில் பதித்திருந்த தந்தங்கள். குணங்களையும் எண்ணங்களையும் மனித உருவமாக்கிச் செதுக்குவது அந்தக் காலத்து வழக்கம். பதினைந்து, சத்தியம்: காலம் என்ற கிழவன் அவளை வெளியே கொண்டுவருகிறான், மறைக்க ஒன்றும் இல்லாததால் உடுப்பும் இல்லை. பதினாலு, விவேகம்: கையில் இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடி, தன்னை அறிவதற்கு. பாம்பு அவதானத்துக்கு. பின்னால் இருக்கிற முதியவரின் முகம், முன்பு நடந்ததை மறக்காமல் இருப்பதற்கு.

இரண்டாம் தரமும் வாசித்தேன். மாதா என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்கா கும்பிட்டுவிட்டுக் கையெழுத்து வைத்திருப்பா, பிள்ளைக்கு ஒப்பரேஷன் நடந்திருக்கும். குந்தியிருந்தபடி இதை நான் யோசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒப்பரேஷனில் ஏதாவது நடந்து, பிறகு எப்போதாவது யாராவது இந்தப் பலகையை அவவுக்கு வாசித்துக் காட்டினால்? எழும்பிப் போய்ச் சொன்னேன்.

"இது மாதா இல்லை."

"பேந்து ஆர்?" அம்மா கேட்டா.

"ஆருமில்லை. இது... விவேகம்."

"விவேகம் எண்டால்?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. றீற்றா அன்ரிதான், சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கியதை, யோசிக்காமலே சொன்னா. "தலையான புண்ணியங்கள் நாலு. விவேகம், நீதி, திடம், மட்டசனம்." சொல்லிவிட்டு அவவே திடுக்கிட்டா. "அந்த விவேகமோ? அதுக்கு உருவம் இருக்கோ? நான் நாப்பது வருசமா அது சும்மா சொல்லெண்டு நினைச்சன்!"

வசந்தி அக்கா இன்னும் முழங்காலில்தான் இருந்தா. "அப்ப நான் இவ்வளவு நேரம் ஒரு சொல்லையோ கும்பிட்டனான்?" என்று கேட்டா. அவ எழும்பி என்னைப் பார்த்தா. கோபத்தை விட மோசமான பார்வை. "நீதானே தங்கச்சி சொன்னனீ. உன்னை நம்பித்தானே வந்தனான்."

"வாயே திறக்காத பிள்ளை," என்று அம்மா தொடங்கினா, "ஒருக்காத் திறந்தாள், அதுவும்..."

"இது ஒரு அடையாளம்," என்றா வசந்தி அக்கா. "வேண்டாம் எண்டு காட்டியிருக்கு. நான் செவ்வாய்க்கிழமை போகேல்லை." வண்டிலைத் தள்ளிக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டா.

போக நினைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. நாலரைக்குப் பிறகு போனால் இலவசம், ஆனால் ஒன்றேகால் மணித்தியாலம்தான் கிடைக்கும், அது இரண்டு கூடத்துக்குத்தான் காணும். தந்தச் சிற்பங்களை முன்னால் நின்று மட்டும் பார்க்காதீர்கள், பக்கவாட்டிலும் பின்னாலும் போய்ப் பாருங்கள். விளக்கப் பலகை பொருளுக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் பெட்டியின் முனையில் தேடுங்கள். வண்டிலோடு போனால் லிப்ற் எங்கே என்று வாசலிலேயே கேளுங்கள், நான் கேட்கவில்லை, வெட்கப்பட்டேன். சாப்பாடு உள்ளே விலை, கட்டிக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டைனோசர் இருக்கிற மற்ற அருங்காட்சியகம் நல்லது என்கிறார்கள், நான் அங்கே போனதில்லை. படம் போடவில்லை. என் அண்ணைதான் தன்னுடைய இணையப் பக்கத்தில் இதைப் போட்டுத் தருகிறான், படம் என்றால் ரெலிபோன் லைனில் இறங்க அரை மணி எடுக்குமாம். அந்தப் பிரச்சினை இல்லாவிட்டாலும் படம் போடுவேனோ தெரியாது. என் வாழ்க்கையில் எந்தப் பொருளும் என்னை இப்படி அடித்ததில்லை.

மணி 5.20. மற்றவர்கள் வாசல் பக்கம் போகத் தொடங்கினார்கள். நான் அக்காவைத் தேடிப் போனேன். அடுத்த கூடத்தில் ஒரு மர வாங்கில் இருந்தா. நிரோ வண்டிலில் நித்திரை. உதட்டில் அந்த நீலம். பிறவுண் உறை அக்காவின் மடியில் கிடந்தது. அதை இரண்டாகக் கிழிக்கப் போகிறவ போல இரண்டு கையாலும் பிடித்திருந்தா.

பக்கத்தில் இருந்தேன். உறையைப் பார்த்தேன். மூன்று கிழமையாக எங்கள் எல்லா வீட்டிலும் இதைப் பற்றித்தான் கதை. கையெழுத்து வைக்கலாமா, கூடாதா, எந்த நாள் நல்லது, எந்தச் செபம் சொல்வது. ஆனால் ஒரு தரம் கூட...

"அக்கா, இதில என்ன எழுதியிருக்கெண்டு ஆரும் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினவையோ?"

"ஆர் வாசிக்கிறது?" அவ என்னைப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியில ரெலிபோனில ஒரு மொழிபெயர்ப்பாளர் கதைச்சவர். மெட்ராஸ் ஆள் போல. கெதியாக் கெதியாச் சொன்னார். நான் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டன். பேந்து இந்தப் பேப்பரைத் தந்தவை."

"ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

"எல்லாரும் மாதாவிட்டச் சொல்லு எண்டவை."

அன்று எனக்கு எத்தனையோ அதிர்ச்சி. வாசலில் ரிக்கற், ஒரு சாண் மாதா, கிழவனின் முகம், உடுப்பில்லாத சத்தியம். ஆனால் எல்லாவற்றிலும் பெரியது இதுதான். அந்தச் செபமாலை வீடுகளில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் மூலையில் இருந்தது. அது நான். நானும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதனால் கேட்கவில்லை.

"தாங்கோ," என்றேன்.

அக்கா தரவில்லை. "உனக்கு இது விளங்குமோ?"

"விளங்காத சொல் வந்தால் விளங்கேல்லை எண்டு சொல்லுவன். மாதா எண்டு சொல்ல மாட்டன்."

அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பினா. அழுகிறாவா சிரிக்கிறாவா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு உறையை என் மடியில் போட்டா.

ஒரு படிவமும், அதோடு பின் குத்திய மூன்று தாளும் இருந்தன. முதல் வரியை வாசித்தேன். "பிள்ளையின் முழுப் பெயர்."

"அது தெரியும். அங்கால போ."

அங்கால போனேன். ஓட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, அதை எதனால் அடைப்பார்கள், எத்தனை மணித்தியாலம் எடுக்கும். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். இரண்டு இடத்தில் சொல் விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொன்னேன், அக்கா அந்த இடத்தில் பேனையால் கோடு போட்டா. செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் கேட்க என்றா. செவ்வாய்க்கிழமை என்று அவ சொன்னதை நான் கவனித்தேன், அடுத்த வரிக்குப் போனேன். அம்மாவும் றீற்றா அன்ரியும் தேடி வந்து, வாங்கின் பின்னால் நின்றார்கள். பூட்டப் போகிறார்கள் என்று மணி அடித்தது. அந்தக் காவலர் எங்களைப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கத்து ஆட்களை முதலில் அனுப்பப் போனார்.

மூன்றாவது தாளில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது. ஆபத்துகள். நான் நிறுத்தினேன்.

"என்ன எழுதியிருக்கு?"

அக்கா வண்டிலின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் பக்கத்தில் வந்து இருந்த பிறகு முதல் தரமாக என் முகத்தை நேரே பார்த்தா.

"நிப்பாட்டாதை தங்கச்சி. வாசி."

வரியின் கீழே விரலை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.